எட்டு அனலாக் லைன்களுக்குப் பதில் ஐஎஸ்டிஎன்: மாறுவதில் உண்மையான லாபம் என்ன?

மேசைமணி (கேள்வி)

வணக்கம். 40 எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு) உள்ள ஓர் அலுவலக பிபிஎக்ஸ், அதாவது அலுவலகத்துக்குள்ளேயே உள்ள தொலைபேசி இணைப்பகம். வெளியிலிருந்து 8 அனலாக் லைன் வருகிறது, எல்லாம் சாதாரண இரண்டு கம்பி இணைப்பு. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் இரண்டு வகைகளான பேசிக் ரேட் (2 பேச்சுச் சேனல்) கார்டு, பிரைமரி ரேட் (30 சேனல் வரை) கார்டு இரண்டுக்குமே பிபிஎக்ஸில் ஸ்லாட் காலியாக இருக்கிறது. இப்போதைய தொல்லைகள் இவை.

எதிர்முனையில் பேசியவர் போனை வைத்த பிறகும் லைன் விடுபடாமல் ஓரிரு நிமிடம் பிஸியாகவே நிற்கிறது. வெளியே டயல் செய்ய லைனை எடுத்தால் சில சமயம் டயல் டோன் வருவதில்லை. வெளியிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கும் யாரோ "ஹலோ" என்கிறார்கள். அழைப்பவர் எண் இரண்டாவது மணிக்குப் பிறகுதான் தெரிகிறது, சில லைன்களில் தெரிவதே இல்லை. மூன்று லைன்களில் குரல் தாழ்வாகவும் லேசான எதிரொலியோடும் இருக்கிறது.

நான்கு பேசிக் ரேட் அல்லது ஒரு பிரைமரி ரேட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். "டிஜிட்டல் என்பதால் குரல் தெளிவாக இருக்கும்" என்பதுதான் சொல்லப்படும் முதல் காரணம். அது எவ்வளவு உண்மை? இதே செம்புக் கம்பியில் ஓடுமா, புதிதாக இழுக்க வேண்டுமா? ஃபேக்ஸ் ஒன்று, லிஃப்ட் போன் ஒன்று, அலாரம் டயலர் ஒன்று இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

---

செம்புக்கம்பி

குரல் தெளிவு என்பது இதில் கடைசிக் காரணம். உங்கள் பட்டியலில் முதல் மூன்று தொல்லைகளுமே சிக்னலிங் (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இரு முனையும் பரிமாறும் குறிப்பு) கோளாறுகள். ஐஎஸ்டிஎன்-னின் மதிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அனலாக் லைனில் எக்ஸ்சேஞ்சும் பிபிஎக்ஸும் பேசிக்கொள்ளத் தனி வழி எதுவும் கிடையாது. 48 வோல்ட் நேர் மின்சாரம் கம்பியில் நிற்கும். போனை எடுத்தால் 20 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடும், வைத்தால் நிற்கும். அழைப்பு வந்தால் 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் 75 முதல் 90 வோல்ட் வரை மணி மின்சாரம் வரும். அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிட்டார் என்று உங்கள் பிபிஎக்ஸுக்கு யார் சொல்வது? எக்ஸ்சேஞ்ச் லைனின் துருவத்தை மாற்றிக் காட்டலாம், அல்லது சில நூறு மில்லிசெகண்ட் மின்சாரத்தைத் துண்டித்துக் காட்டலாம். இரண்டும் இல்லாத லைனில், பிஸி டோன் வருகிறதா என்று பிபிஎக்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்துதான் துண்டிக்க வேண்டும். அந்த டோனின் தாளம் பிபிஎக்ஸில் பதிந்திருப்பதோடு பொருந்தவில்லை என்றால் ஏதாவது ஒரு டைமர் முடியும்வரை லைன் அப்படியே நிற்கும். உங்கள் முதல் தொல்லை இதுதான்.

இரண்டாவது, ஒரே லைனை இரு முனையும் ஒரே நேரத்தில் பிடிப்பது. மணி விட்டு விட்டு அடிக்கிறது. இரண்டு மணிகளுக்கு நடுவே உள்ள மௌனத்திலோ, முதல் மணி வருவதற்கு முந்தைய நொடியிலோ, அந்த லைனில் அழைப்பு நிற்கிறது என்று பிபிஎக்ஸுக்குத் தெரிய வழியில்லை. அந்த இடைவெளியில் யாராவது வெளி லைன் கேட்டால் பிபிஎக்ஸ் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். இதை முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். எக்ஸ்சேஞ்ச் உள்வரும் அழைப்பை 1-ஆம் லைனிலிருந்து மேல்நோக்கித் தேடினால், பிபிஎக்ஸை 8-ஆம் லைனிலிருந்து கீழ்நோக்கித் தேடும்படி வையுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது, அழைப்பவர் எண். பல நாடுகளில் அது முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையில் 1200 பாட் மோடம் ஒலியாக வருகிறது. வேறு சில இடங்களில் மணிக்கு முன்பே டிடிஎம்எஃப் (போன் பட்டனை அழுத்தினால் எழும் இரட்டை) ஒலியாக வரும். பிபிஎக்ஸ் கார்டு தவறான முறையில் அமைந்திருந்தால் எண்ணே வராது. சரியாக அமைந்திருந்தாலும் லைனில் இரைச்சல் அதிகமானால் எண் சிதையும்.

ஐஎஸ்டிஎன்-னில் இந்த மூன்றும் ஒரே அடியில் போய்விடும். பேசிக் ரேட் என்பது 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு பி சேனல், 16 கிலோபிட்டில் ஒரு டி சேனல். பேச்சு பி சேனலில் போகும். டி சேனலில் செய்தி மட்டும். அழைப்பு வரும்போது "செட்டப்" என்ற செய்தியிலேயே அழைப்பவர் எண், அழைக்கப்பட்ட எண், பேச்சா டேட்டாவா என்ற விவரம், எந்த பி சேனல் என்பது எல்லாம் வந்துவிடும். போன் மணி அடிக்கும் முன்பே பிபிஎக்ஸுக்கு எல்லாம் தெரியும். எதிர்முனையில் வைத்தவுடன் "டிஸ்கனெக்ட்" செய்தி, கூடவே காரண எண்: 16 என்றால் வழக்கமான முடிவு, 17 என்றால் பிஸி, 1 என்றால் அப்படி ஒரு எண்ணே இல்லை, 34 என்றால் காலி சேனல் இல்லை. டோனைக் கேட்டு ஊகிக்கும் வேலையே கிடையாது. சேனலை யார் எடுப்பது என்பதும் செய்தியில் பேசித் தீர்க்கப்படுவதால் இருவர் மோதிக்கொள்வது இல்லை.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனலாக்கில் ஒரு லைனுக்கு ஓர் எண். ஐஎஸ்டிஎன்-னில் எண்ணும் சேனலும் வேறு வேறு. 8 சேனலுக்கு 100 எண் வாங்கி, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நேரடி எண் கொடுக்கலாம். 40 பேர் உள்ள இடத்தில் ஆபரேட்டர் வேலையில் பாதி இதிலேயே குறையும். என்னைக் கேட்டால் மாறுவதற்கு இந்த ஒன்றே போதும்.

இப்போது குரல். எக்ஸ்சேஞ்சுக்குப் போனதும் அனலாக் குரலும் நொடிக்கு 8000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பிட் என்று 64 கிலோபிட் ஆகத்தான் மாறுகிறது. ஐஎஸ்டிஎன்-னில் அந்த மாற்றம் உங்கள் பிபிஎக்ஸிலோ போனிலோ நடக்கிறது, அவ்வளவே வித்தியாசம். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் என்ற எல்லை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே குரல் "அகலமாக" ஆகாது. எக்ஸ்சேஞ்சுவரையுள்ள கம்பியில் ஏற்படும் தேய்மானம், மின்கம்பி ஊளை, பக்கத்து லைன் பேச்சு, இரண்டு கம்பியை நான்காக்கும் இடத்தில் கிளம்பும் எதிரொலி ஆகியவை போகும். உங்கள் எக்ஸ்டென்ஷன் போன்கள் அனலாக் என்றால் அந்த எதிரொலியில் ஒரு பங்கு பிபிஎக்ஸுக்குள் இருக்கவே செய்யும். கம்பி குட்டை என்பதால் தொல்லை தராது.

அந்த மூன்று லைன்களை இன்றே கவனியுங்கள். ட்ரங்க் கார்டில் (பிபிஎக்ஸில் வெளி லைன்கள் சேரும் கார்டு) இம்பீடன்ஸ் (மாறும் மின்சாரத்துக்கு உள்ள எதிர்ப்பு) அமைப்பு பெரும்பாலும் 600 ஓமில் நிற்கும். நீளமான நிலத்தடிக் கேபிளுக்கு அது பொருந்தாது. கார்டில் உள்ள காம்ப்ளெக்ஸ் இம்பீடன்ஸ் தேர்வுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதிரொலி எதில் குறைகிறதோ அதுதான் சரி. அதைச் செய்துவிட்டுத்தான் ஒலி அளவைக் கூட்ட வேண்டும். பலர் முதலில் ஒலியைக் கூட்டுகிறார்கள், எதிரொலியும் கூடவே கூடுகிறது.

---

என்டி பெட்டி

கம்பி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பேசிக் ரேட் அதே ஒரு ஜோடி செம்புக் கம்பியில் ஓடும். புதிதாக இழுக்க வேண்டியது அரிது. ஆனால் அனலாக் ஓடுகிறது என்பதாலேயே ஐஎஸ்டிஎன்-னும் ஓடிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரவலாக உள்ள 2பி1க்யூ என்ற கம்பிக் குறியீட்டு முறையில் கம்பியில் போவது 160 கிலோபிட். 144 உங்களுக்கு, 16 ஒத்திசைவுக்கும் பராமரிப்புக்கும். நான்கு மின்னளவுகள் இருப்பதால் ஒவ்வொரு துடிப்பும் 2 பிட், ஆக நொடிக்கு 80,000 துடிப்பு. நல்ல கம்பியில் ஏறத்தாழ 5.5 கி.மீ. வரை எட்டும், 40 கிலோஹெர்ட்ஸில் தேய்மானம் 42 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மெல்லிய கம்பி என்றால் தூரம் அதற்கேற்பக் குறையும். கெடுப்பவை இவை:

லோடிங் காயில். நீண்ட லைன்களில் குரலைச் சீராக்க 1830 மீட்டருக்கு ஒன்றாக 88 மில்லிஹென்றி சுருள் போட்டிருப்பார்கள். குரலுக்கு நல்லது, ஆனால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் விடாது. ஒரே ஒரு சுருள் மிச்சம் இருந்தாலும் ஐஎஸ்டிஎன் எழுந்திருக்காது. அனலாக்காக அருமையாகப் பேசிய லைன் டிஜிட்டலாக ஏன் செத்துக் கிடக்கிறது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிளைக் கம்பி. வேறெங்கோ போய் அந்தரத்தில் முடியும் பழைய ஜோடி. சிறியதைத் தாங்கும், நீளமானால் எதிரொலித்துத் துடிப்புகளைக் குழப்பும்.

ஈரம். இரு கம்பிக்கும் இடையிலும், கம்பிக்கும் பூமிக்கும் இடையிலும் காப்பு மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கிய ஜோடியை ஏற்காதீர்கள். அனலாக்கில் கரகரப்பாக மட்டும் இருந்தது, இதில் மழைக்கு மழை லைன் விழுவதாக மாறும்.

ஏடிஎஸ்எல். இந்த 8 லைன்களில் ஏதாவது ஒன்றில் பிராட்பேண்ட் ஓடுகிறதா? சாதாரண ஏடிஎஸ்எல், அதாவது அனெக்ஸ் ஏ, சுமார் 26 கிலோஹெர்ட்ஸிலேயே தொடங்குகிறது. ஐஎஸ்டிஎன் 80 கிலோஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஜோடியில் வாழாது. 138 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கும் அனெக்ஸ் பி மோடமும் அதற்குரிய பிரிப்பானும் எக்ஸ்சேஞ்சிலும் இருந்தால் மட்டுமே முடியும். இல்லையென்றால் பிராட்பேண்ட் லைனை அனலாக்காகவே விட்டுவிடுங்கள்.

உள்ளே வந்ததும் என்டி1 பெட்டி, அதாவது ஐஎஸ்டிஎன் லைன் வந்து முடியும் கருவி. அதற்கு வெளியே இரண்டு கம்பி, உள்ளே நான்கு கம்பி எஸ் பஸ் (கருவிகள் பகிர்ந்துகொள்ளும் தடம்). ஆர்ஜே45-இல் 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. பிபிஎக்ஸுக்கு நேராகப் போவதால் உங்களுக்கு பஸ் வேண்டாம்; ஒவ்வொரு என்டி1-இலிருந்தும் ஒரு கேபிள், ஒரு போர்ட். ஒன்றுக்கு மேற்பட்ட கருவி மாட்டுவதாக இருந்தால் விதிகள் உண்டு: அதிகபட்சம் 8 கருவி, கேபிளைப் பொறுத்து 100 முதல் 200 மீட்டர், கடைசி சாக்கெட்டில் மட்டும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். மறுமுனை ரெசிஸ்டர் வழக்கமாக என்டி1-க்குள்ளேயே இருக்கும். சரிபார்க்க என்டி1-ஐயும் எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு 3-க்கும் 6-க்கும் இடையே அளங்கள்: 100 ஓம் வர வேண்டும். 50 வந்தால் யாரோ நடுச் சாக்கெட்டிலும் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். ஒன்றுமே வராவிட்டால் போடவே இல்லை. இன்னொன்று, பல கருவி உள்ள பஸ்ஸில் ஒரு சாக்கெட்டில் மட்டும் 3-ம் 6-ம் மாறிப்போனால் அந்தக் கருவி தனியாக இருக்கும்போது வேலை செய்யும். மற்றது விழித்ததும் இரண்டும் சாகும். கண்டுபிடிக்க எரிச்சலூட்டும் கோளாறு இது.

பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டியது: பாயின்ட்-டு-பாயின்ட்டா (ஒரே கருவிக்கு), பாயின்ட்-டு-மல்டிபாயின்ட்டா (பல கருவிக்கு)? பிபிஎக்ஸுக்கு நேரடி எண் வரிசை வேண்டும் என்றால் முதலாவதுதான்; அதில் டிஇஐ எண் (லைனில் கருவியின் அடையாள எண்) 0 என்று நிலையாக இருக்கும். இரண்டாவதில் எக்ஸ்சேஞ்ச் 64 முதல் 126 வரை எதையாவது ஒதுக்கும். எக்ஸ்சேஞ்சில் ஒன்றும் பிபிஎக்ஸில் மற்றதும் அமைந்தால் என்டி1 விளக்கு ஒழுங்காக எரியும், கம்பி சரி, எல்லாம் சரி, ஆனால் ஒரு அழைப்பும் போகாது. நிறுவல் நாளில் மணிக்கணக்கில் நேரம் தின்பது பெரும்பாலும் இதுதான்.

பேசிக் ரேட்டில் ஒரு பொறியும் உண்டு. சில எக்ஸ்சேஞ்சுகள் அழைப்பு இல்லாதபோது முதல் அடுக்கையே, அதாவது கம்பியில் ஓடும் சிக்னலையே, தூங்கவிடும். பிபிஎக்ஸ் அந்த லைனிலிருந்து கடிகாரம் (பிட்களை எண்ணும் வேகத்தின் ஒத்திசைவு) எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும். கடிகார மூலமாக வைக்கும் லைனை மட்டுமாவது எப்போதும் விழித்திருக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

---

காலக்கூறு

மேலே இருவரும் சொல்லாத ஒன்று: எட்டு சேனல் போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

40 எக்ஸ்டென்ஷன், உச்ச நேரத்தில் ஒவ்வொன்றும் சராசரி 6 நிமிடம் வெளி அழைப்பில் இருந்தால் 240 நிமிடம், அதாவது 4 எர்லாங் (ஒரு லைன் மணி நேரம் முழுவதும் பிஸியாக இருந்தால் 1 எர்லாங்). நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தடைபடக் கூடாது என்றால் எர்லாங்-பி அட்டவணைப்படி 8 சேனல் தாங்குவது 3.13 எர்லாங்தான், 4-க்கு 10 சேனல் வேண்டும். ஆக நான்கு பேசிக் ரேட் போதாது, ஐந்து வேண்டும். சராசரி 4 நிமிடம்தான் என்றால் 2.67 எர்லாங், எட்டே தாராளம். பிபிஎக்ஸின் அழைப்புப் பதிவை ஒரு வாரத்துக்கு எடுத்து உச்ச மணியைப் பாருங்கள். ஒரே தொகுதியாக 30 சேனல் இருந்தால் அதே தரத்தில் 20.3 எர்லாங் தாங்கும். சேனல் நான்கு மடங்குகூட ஆகவில்லை, சுமை ஆறு மடங்குக்கு மேல். பெரிய தொகுதியின் சிக்கனம் அப்படி.

பிரைமரி ரேட் எடுத்தால் இ1 முறையில் 2.048 மெகாபிட்: 32 காலக்கூறு, 0-வது ஒத்திசைவுக்கு, 16-வது டி சேனல், மீதி 30 பேச்சுக்கு. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 1.544 மெகாபிட், 23 பேச்சு, 1 டி சேனல். டி சேனல் இங்கே 64 கிலோபிட். 10 அல்லது 15 சேனல் மட்டும் திறந்து தருவதும் நடைமுறையில் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கோளாறு வரும் இடம் கடிகாரம். பிபிஎக்ஸ் எப்போதும் எக்ஸ்சேஞ்ச் லைனிலிருந்தே கடிகாரம் எடுக்க வேண்டும். தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடவிட்டால் இரண்டும் மெல்ல விலகும். ஒரு ஃபிரேம் (எல்லாக் காலக்கூறும் ஒரு சுற்று) 125 மைக்ரோசெகண்ட். விலகல் பத்து லட்சத்தில் 50 என்றால் 2.5 நொடிக்கு ஒரு ஃபிரேம் தொலையும். பேச்சில் அது எப்போதாவது ஒரு சிறு "டிக்". பலருக்குக் காதிலேயே விழாது. ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்து அறுந்து போகும். "குரல் நன்றாக இருக்கிறது, ஃபேக்ஸ்தான் போகவில்லை" என்று புகார் வந்தால் ஃபேக்ஸ் மெஷினைத் தொடாதீர்கள். போர்ட் கணக்கில் "ஸ்லிப்" (ஃபிரேம் தொலைந்த) எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

பிற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லைன் கோட் (பிட்களைத் துடிப்பாக்கும் முறை) எச்டிபி3. சிஆர்சி4 (பிழை கண்டறியும் சோதனை) இரு முனையிலும் ஒரே மாதிரி, இருந்தால் இரண்டிலும், இல்லையென்றால் இரண்டிலும் இல்லை. 120 ஓம் ஆர்ஜே45 என்றால் 1, 2 ஒரு ஜோடி, 4, 5 மற்றொன்று. "சிக்னல் இல்லை" என்ற அலாரம் போகாவிட்டால் 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் குறுக்காகப் போட்ட கேபிளை முயலுங்கள். சாதாரண நெட்வொர்க் கிராஸ் கேபிள் இதற்கு ஆகாது, அது 1-ஐ 3-க்குக் குறுக்கிடுகிறது. லைன் எழுந்த பிறகும் டி சேனல் எழவில்லை, பிபிஎக்ஸ் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றால் அது "யூசர்" பக்கமாக அமைந்திருக்கிறதா பாருங்கள். இரு முனையும் "நெட்வொர்க்" என்று நின்றால் பேச்சுவார்த்தை தொடங்கவே தொடங்காது.

மாறிய முதல் வாரத்தில் கட்டாயம் வரும் புகார் ஒன்று: தவறிய அழைப்புப் பட்டியலிலிருந்து திருப்பி அழைத்தால் போகவில்லை. காரணம், ஐஎஸ்டிஎன் எண்ணோடு அதன் வகையையும் தனிப் புலமாக அனுப்புகிறது. உள்நாட்டு எண் என்று வகை சொல்லிவிட்டால் முன்னால் உள்ள 0 எண்ணில் வராது. வகையைப் பார்த்து 0 அல்லது 00 சேர்க்கும் வேலை பிபிஎக்ஸுடையது. அதற்கான அமைப்பு உள்வரும் எண் அட்டவணையில் இருக்கும். வெளியே போகும்போதும் உங்களுக்கு ஒதுக்கிய வரிசைக்குள் உள்ள எண்ணையே அனுப்புங்கள். வேறெதையாவது அனுப்பினால் எக்ஸ்சேஞ்ச் அதைத் தள்ளிவிட்டு முதன்மை எண்ணைப் போட்டுவிடும், எதிர்முனையில் எல்லாருடைய அழைப்பும் ஒரே எண்ணாகத் தெரியும்.

பேசிக்கா பிரைமரியா என்பதில் இன்னொரு பார்வை: நான்கு பேசிக் ரேட்டில் ஒரு கம்பி அறுந்தால் இரண்டு சேனல் போகும். பிரைமரியில் அறுந்தால் எல்லாம் போகும். அதனால் எதை எடுத்தாலும் இரண்டு அனலாக் லைனைக் கைவிடாதீர்கள்.

---

மேசைமணி

மிக்க நன்றி. அழைப்புப் பதிவைப் பார்த்தேன், உச்ச மணியில் 2.8 எர்லாங் வருகிறது. அப்படியானால் எட்டு சேனல் போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபேக்ஸ், லிஃப்ட், அலாரம் பற்றி யாராவது சொல்லுங்கள். மின்வெட்டில் என்ன ஆகும் என்பதும் கவலையாக இருக்கிறது.

---

என்டி பெட்டி

முதலில் ஒரு திருத்தம்: தடைபட்ட அழைப்புகள் பதிவில் வராது. உச்ச மணியில் எட்டு லைனும் ஒருசேர நிரம்பிய நிமிடங்கள் எத்தனை என்று பாருங்கள். அடிக்கடி நிரம்பியிருந்தால் உண்மையான தேவை 2.8-ஐவிடக் கூடுதல். லைன் விடுபடாமல் நின்ற நேரமும் அந்த 2.8-க்குள் கலந்திருக்கும், அது எதிர்த்திசையில் கணக்கைக் கூட்டிக் காட்டும்.

லிஃப்ட் போனும் அலாரம் டயலரும் வைத்துக்கொள்ளும் அந்த இரண்டு அனலாக் லைனில் நேராகப் போகட்டும், பிபிஎக்ஸைத் தொடாமல். காரணம் மின்சாரம். அனலாக் போனுக்கு எக்ஸ்சேஞ்சே கம்பி வழியாக மின்சாரம் தருகிறது. கட்டிடத்தில் மின்வெட்டு என்றாலும் பேசலாம். என்டி1 உங்கள் மின் இணைப்பில் ஓடுகிறது. மின்சாரம் போனால் பல நாடுகளின் அமைப்பில் எக்ஸ்சேஞ்ச் சிறிதளவு அனுப்பும்; என்டி1 எஸ் பஸ்ஸின் 40 வோல்ட்டைத் துருவம் மாற்றிக் கொடுக்கும். அதில் சுமார் 400 மில்லிவாட்தான், அவசர நிலைக்கென அமைத்த ஒரே ஒரு ஐஎஸ்டிஎன் போன் ஓடும். பிபிஎக்ஸ் ஓடாது. ஆகவே பிபிஎக்ஸோடு நான்கு என்டி1-களும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பிபிஎக்ஸை யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு என்டி1-களைச் சுவர் சாக்கெட்டில் விட்டுவிடுவது வெகு சகஜம்.

அலாரம் பேனல் லைன் உயிரோடு இருக்கிறதா என்று வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிபிஎக்ஸ் எக்ஸ்டென்ஷனிலும் டெர்மினல் அடாப்டரிலும் (அனலாக் கருவியை ஐஎஸ்டிஎன்-னில் மாட்ட உதவும் பெட்டி) 48-க்குப் பதில் 24 வோல்ட் வருவது உண்டு. பேனல் அதை "லைன் அறுந்தது" என்று எடுத்துக்கொள்ளலாம். இதுவும் நேர் லைன் கொடுப்பதற்கு ஒரு காரணம்.

ஃபேக்ஸ் பிபிஎக்ஸின் அனலாக் எக்ஸ்டென்ஷனில் ஓடும். அந்தப் போர்ட்டின் சேவை வகையை "பேச்சு" என்பதிலிருந்து "3.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ" என்று மாற்றுங்கள். பேச்சு என்று சொன்னால் வழியில் உள்ள கருவிகள் குரலுக்கான சுருக்கமோ பிற மாற்றமோ செய்ய உரிமை பெறுகின்றன. 64 கிலோபிட் டேட்டா என்று தவறாகப் போட்டால் எதிர்முனை அனலாக் ஃபேக்ஸ் எடுக்காது, காரண எண் 88 திரும்பும். கடிகாரம் சரியாக இருந்தால் 33.6 கிலோபிட் ஃபேக்ஸே போகும்.

அடாப்டரின் அனலாக் போர்ட்டில் 56கே மோடம் மாட்டினால் அந்த வேகம் கிடைத்தே தீரும் என்று நம்பாதீர்கள். 56கே மோடத்தின் தரமான வி.90-க்கு வழி முழுவதும் ஒரே ஓர் அனலாக் மாற்றம்தான் இருக்கலாம்; ஐஎஸ்டிஎன்-னில் அது அடாப்டரிலேயே நடக்கிறது. அடாப்டர் அதற்கு ஒத்துவராவிட்டால் பழைய வி.34-க்கு இறங்கிவிடும், உச்சம் 33.6. ஐஎஸ்டிஎன் டேட்டாவுக்கு மோடமே தேவையில்லை. ஒரு சேனலில் 64, இரண்டைச் சேர்த்தால் 128 கிலோபிட், இணைப்பு ஓரிரு நொடியில் எழும். அனலாக் மோடம் கிறீச்சிட்டு முடிக்க 20, 30 நொடி எடுக்கும். இரண்டு சேனல் சேர்த்தால் கட்டணமும் இரண்டு அழைப்புக்கு என்பதை மறக்க வேண்டாம்.

---

பழைய ரிலே

எல்லாம் சரி. ஆனா இப்போ புதுசா ஐஎஸ்டிஎன் எடுக்கறதே எனக்குச் சரியாப் படல. பிரிட்டன்ல 2023 செப்டம்பரோட புது விற்பனையை நிறுத்தியாச்சு, 2027 ஜனவரில பழைய நெட்வொர்க்கையே அணைக்கறாங்க. அதுல அனலாக்கும் சேர்ந்துதான் போகுது, அதையும் கவனிங்க. ஜப்பான்ல ஐஎஸ்டிஎன் டேட்டா சேவை 2024 ஜனவரில முடிஞ்சுது. உங்க ஊர்ல எத்தனை வருஷம்னு லைன் தர்றவங்ககிட்ட எழுத்துல கேளுங்க. அஞ்சு வருஷத்துக்கு உறுதி தரலேன்னா கார்டுல காசு போடாதீங்க.

செம்புக்கம்பி சார் சொன்ன லாபம் அத்தனையும் சிப் ட்ரங்க்லயும், அதாவது இன்டர்நெட் வழியா வர்ற போன் லைன்லயும், இருக்கு. காரண எண்கூட அப்படியே மாறும்: 17 அங்க 486, 1 அங்க 404, 34 அங்க 503. ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், 160 பைட் குரலோட 40 பைட் தலைப்பு, ஆக 80. ஈத்தர்நெட்டையும் சேர்த்தா 87 கிலோபிட். எட்டுப் பேர் பேசினா ஒவ்வொரு திசைக்கும் 700 கிலோபிட். லைன்ல அந்த அளவுக்குக் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கணும், இல்லேன்னா யாராவது பெரிய ஃபைல் அனுப்பும்போது குரல் வெட்டும்.

---

காலக்கூறு

ரிலே சொல்வதை ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. பிபிஎக்ஸில் சிப் வசதி இல்லாவிட்டாலும் பிரைமரி ரேட் கார்டுக்கு இடம் இருக்கிறது. கார்டைப் போட்டு வெளியே ஓர் இ1-சிப் கேட்வே (ஒன்றை மற்றதாக மாற்றும் பெட்டி) வைத்தால் பிபிஎக்ஸைப் பொறுத்தவரை அது ஐஎஸ்டிஎன் லைன்தான். இன்று எக்ஸ்சேஞ்ச் லைன், நாளை கேட்வே, கார்டு வீணாகாது. பேசிக் ரேட் கார்டுக்கு அந்த எதிர்காலம் குறைவு, அதனால் எட்டு சேனல் போதும் என்றாலும் நான் பிரைமரி பக்கமே சாய்வேன். கேட்வே வரும்போது கடிகாரத்தை மறுபடி பாருங்கள்: கேட்வே "நெட்வொர்க்" பக்கம், கடிகாரமும் அதுவே தரும்; பிபிஎக்ஸ் பின்தொடரும். ஃபேக்ஸுக்கு இரு பக்கமும் டி.38 (ஃபேக்ஸைப் பாக்கெட்டாக அனுப்பும் முறை) இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுருக்கம் இல்லாத ஜி.711-இல் அனுப்பலாம், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் பக்கம் பாழாகலாம்.

செம்பில் ஐஎஸ்டிஎன்-னையே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுதான்: அறுபடாத 64 கிலோபிட் ஓட்டம் கேட்கும் கருவிகள். வானொலி நிலையங்கள் நேரலைக்குப் பயன்படுத்திய ஜி.722 கோடெக் அப்படிப்பட்டது; அதே 64 கிலோபிட்டில் 7 கிலோஹெர்ட்ஸ் குரல். அலுவலக பிபிஎக்ஸுக்கு அது தேவைப்படாது.

---

மேசைமணி

உறுதி பற்றி எழுத்தில் கேட்கிறேன். பதில் வரும்வரை லைன் விடுபடாத தொல்லைக்கு ஏதாவது செய்ய முடியுமா?

---

செம்புக்கம்பி

முடியும். ஒரு மல்டிமீட்டரை நேர் மின்சார வோல்ட்டில் வைத்து ஒரு லைனின் இரு கம்பியிலும் மாட்டுங்கள். வெளியிலிருந்து அந்த லைனுக்கு அழைத்து, எடுத்துப் பேசி, அழைத்தவரை முதலில் வைக்கச் சொல்லுங்கள். பேசும்போது சில வோல்ட்தான் இருக்கும். வைத்தவுடன் குறி மைனஸ்-பிளஸ் மாறினால் துருவ மாற்றம் வருகிறது. ஒரு கணம் பூஜ்யமாகித் திரும்பினால் மின்சாரத் துண்டிப்பு. மீட்டர் மெதுவாகக் காட்டும் வகை என்றால் குட்டித் துண்டிப்பைத் தவறவிடும். இரண்டு மூன்று தடவை பாருங்கள். எது வருகிறதோ அதை ட்ரங்க் கார்டில் இயக்குங்கள். துண்டிப்பு என்றால் கண்டறியும் நேரத்தை வருவதன் பாதி அளவுக்கு வைக்கலாம். மிகக் குறைத்தால் லைன் துடித்தாலே நல்ல அழைப்பும் அறுபடும்.

இரண்டுமே வரவில்லை என்றால் அந்த வசதியைத் திறந்துவிடும்படி எக்ஸ்சேஞ்சில் கேளுங்கள். பெரும்பாலும் அது மென்பொருளில் ஓர் அமைப்புதான். அதுவும் நடக்காவிட்டால் பிஸி டோன்: அழைத்தவர் வைத்த பிறகு லைனில் வரும் டோனைப் போனிலேயே பதிவு செய்து, ஒலி எவ்வளவு மில்லிசெகண்ட், மௌனம் எவ்வளவு என்று அளந்து, அந்த இரண்டு எண்ணையும் பிபிஎக்ஸில் போடுங்கள். தொடர்ந்து 4 சுற்று வந்தால் துண்டிக்கும்படி வையுங்கள். 2 சுற்று என்று வைத்தால் யாராவது பேசும் குரலையே டோன் என்று எடுத்துக்கொண்டு பாதியில் வெட்டிவிடும்.